கையில் கம்பு: வெள்ளாற்று வட்டாரத்தில் தற்காப்பின் வரலாறு

பெண்ணாடம் வெள்ளாற்றின் வடகரையில் உள்ள ஊர். ஆற்றைத் தாண்டினால் அரியலூர்ச் சீமை. மேற்கே திட்டக்குடி, தொழுதூர் வழியாகத் திருச்சிப் பெருவழி, வடகிழக்கே விருத்தாசலம், தெற்கே உடையார்பாளையத்துக் காடு. ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்தால்தான் வழியை அடைக்கும். மற்ற நாட்களில் இரவோடு இரவாக மாட்டை அக்கரைக்கு ஓட்டிப்போவது எளிது. ஓட்டிப்போனவனைத் தேடிப் போவது கடினம். அக்கரை வேறு ஒருவரின் ஆட்சி, வேறு ஒருவரின் காவல் எல்லை. எல்லையில் குடியிருந்தவர்கள் தங்களையும் தங்கள் மாட்டையும் காத்துக்கொள்ள எதைக் கையில் எடுத்தார்கள், எதை எடுக்க விடப்பட்டார்கள் என்பதே இந்த வட்டாரத்துத் தற்காப்பின் வரலாறு. வாள், ஈட்டி, துப்பாக்கி என்று பல ஆயுதங்கள் இங்கே வந்து போயின. கடைசிவரை கையில் தங்கியது கம்புதான்.

திருட்டை எதிர்த்து நின்றவர்களைப் பற்றிய பழைய சான்றுகள் நடுகற்களில் உள்ளன. பழைய தென்னார்க்காட்டின் மேற்குப் பகுதியிலும் அதை ஒட்டிய திருவண்ணாமலை, செங்கம் பகுதிகளிலும் இவை மிகுதி. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1972இல் செங்கம் நடுகற்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டது. மாடு கவர வந்தவர்களோடு பொருது மாண்டவன் ஒரு கையில் வில்லும் மறு கையில் குறுவாளுமாக அவற்றில் நிற்கிறான். எடுத்தனூர் நடுகல் இவற்றுள் தனிச் சிறப்புடையது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அந்தக் கல்லில் இறந்த வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்ற அந்த நாய் திருடர் இருவரைக் கடித்ததைக் கல்வெட்டு பதிவு செய்திருக்கிறது. 7ஆம் நூற்றாண்டிலேயே காவல் நாய்க்குப் பெயரிட்டு, அதன் தொண்டையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வீட்டுக் காவலுக்கு நாயைவிட நம்பகமான துணை அதற்குப் பின் வந்த எந்த நூற்றாண்டிலும் கிடைத்துவிடவில்லை.

சோழர் காலத்தில் பெண்ணாகடம் எனப்பட்ட பெண்ணாடம் அந்தணரும் வணிகரும் வாழ்ந்த வளமான ஊர். தூங்கும் யானையின் முதுகைப் போன்ற விமானம் கொண்ட பிரளயகாலேசுவரர் கோயில் அதன் நடுவே உள்ளது. பெரியபுராணம் சொல்லும் கலிக்கம்ப நாயனார் இவ்வூர் வணிகர். முன்பு தம் வீட்டில் ஏவலராக இருந்தவர் சிவனடியாராக வந்தபோது, அவர் கால் கழுவ நீர் வார்க்க மனைவி தயங்கினாள். நாயனார் அவள் கையை வெட்டினார் என்பது கதை. பக்தியின் கடுமையைச் சொல்ல வந்த அந்தக் கதை, கூர்மையான ஆயுதம் கைக்கெட்டும் இடத்தில் இருந்த ஒரு வணிகர் வீட்டையும் காட்டிவிடுகிறது. வீட்டில் இருக்கும் ஆயுதம் வெளியாரை மட்டும் வெட்டும் என்று உறுதி இல்லை என்பதும் அந்தக் கதையிலேயே இருக்கிறது. அந்தப் பெண்ணின் பக்கம் நின்று யோசித்தால் அது முதலில் கண்ணில் படும்.

வணிகர்கள் வீட்டில் ஒருவிதமாகவும் வழியில் வேறுவிதமாகவும் தங்களைக் காத்துக்கொண்டார்கள். ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் குழுக்கள் பொதி மாடுகளோடும் கழுதைகளோடும் நீண்ட வழி சென்றபோது கூலிக்கு வீரர்களை உடன் வைத்திருந்தன. எறிவீரர், முனைவீரர், இளஞ்சிங்க வீரர் என்று கல்வெட்டுகள் அவர்களைக் குறிக்கின்றன. வணிகருக்காகப் போராடி அவர்களை மீட்ட வீரர்களைச் சிறப்பிக்கும் வகையில் சில ஊர்களுக்கு எறிவீரபட்டினம் என்று பெயர் சூட்டி, அவ்வூரில் தங்களுக்கு வரவேண்டியதை வணிகர்கள் விட்டுக்கொடுத்ததும் உண்டு. ஆயுதப் பயிற்சி என்பது இங்கே கூலிக்கு வாங்கும் சேவை. தானே வாள் சுழற்றக் கற்பதைவிட, சுழற்றத் தெரிந்தவர்களுக்குச் சோறிட்டு மதிப்பும் தருவதை வணிகர் தேர்ந்தெடுத்தனர்.

ஊர்களுக்கு இதே ஏற்பாடு பாடிகாவல் என்ற பெயரில் இருந்தது. காவலுக்குப் பொறுப்பேற்றவர் ஊரிடமிருந்து பாடிகாவல் வரி பெற்றார். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் சோழர் கை தளர்ந்தபோது நடுநாட்டில் இந்த உரிமை காடவராயர் போன்ற தலைவர்களிடம் குவிந்தது. விருத்தாசலம் கோயிலிலும் அவர்களின் கல்வெட்டு உண்டு. காவல் உரிமை வைத்திருந்தவர்களே பின்னர் நாட்டை ஆண்டார்கள். காடவர் குலத்துக் கோப்பெருஞ்சிங்கன் 1231 வாக்கில் சோழ மன்னன் மூன்றாம் இராசராசனையே சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். ஊரைக் காக்கக் கொடுத்த ஆயுதம் ஊரையே கைப்பற்றும் அளவுக்கு வளர்ந்தது.

விசயநகர, நாயக்கர் காலங்களுக்குப் பின் வெள்ளாற்றுக்குத் தெற்கே அரியலூரும் உடையார்பாளையமும் பாளையங்களாக நிலைத்தன. வெடிமருந்தும் திரித்துப்பாக்கியும் இக்காலத்தில் கிராமம் வரை வந்தன. அதன் விளைவை 1751இல் இராபர்ட் கிளைவ் நேரில் கண்டார். தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் படை உதவியை விருத்தாசலம் வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டு, அவரும் பிகட் என்ற அதிகாரியும் சிறு துணையோடு திரும்பினார்கள். வழியில் பாளையக்காரரின் ஆட்கள் திரித்துப்பாக்கிகளோடு தாக்கினர். உடன் வந்த சிப்பாய்கள் சிலர் மாண்டனர். கிளைவும் பிகட்டும் குதிரையின் கால் வேகத்தால் உயிர் தப்பினர். பின்னாளில் இந்தியாவில் ஆங்கில ஆட்சியை நிலைநாட்டியவர் இந்த வழியில் ஆயுதத்தை நம்பவில்லை, ஓட்டத்தைத்தான் நம்பினார். தற்காப்பு கற்பிக்கும் எந்த ஆசானும் இதைக் குறை சொல்லமாட்டார்.

அதே கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690இல் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு நிலமும் தனக்கு என்று பேசி வாங்கியது. குண்டு விழுந்த எல்லைக்குள் வந்த ஊர்களுக்குக் குண்டுக் கிராமங்கள் என்ற பெயர் ஏற்பட்டது. ஆயுதத்தின் எட்டமே நிலத்தின் எல்லையானது. 1781 சூலை 1 அன்று வெள்ளாறு கடலில் சேரும் பரங்கிப்பேட்டையில் ஐதர் அலியின் படையும் கம்பெனித் தளபதி அயர் கூட்டின் படையும் மோதின. அந்த ஆண்டுகளில் படைகள் போகும் வழியில் இருந்த ஊர்களுக்கு எந்த ஆயுதமும் பயன்படவில்லை. மாட்டையும் விதை நெல்லையும் மறைத்துவிட்டு ஊரைக் காலி செய்வதுதான் அவர்களுக்குக் கிடைத்த தற்காப்பு.

படைகள் இல்லாத நாட்களில் கிராமத்தைக் காத்தது காவல்காரர் முறை. ஊருக்கு இன்ன அளவு, ஏருக்கு இன்ன அளவு என்று களத்துமேட்டில் தானியம் அளந்து கொடுத்தால், அந்த ஊரில் திருட்டு நடக்காமல் பார்த்துக்கொள்வது காவல்காரர் பொறுப்பு. திருட்டுப் போனால் துப்புத் துலக்கி மீட்க வேண்டும். முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். மாட்டை மீட்டுக் கொடுக்கத் தனியாகப் பேசி வாங்கும் பணம் துப்புக்கூலி. இந்த முறையைக் கொள்ளையின் மறுபெயர் என்று கம்பெனி அதிகாரிகள் எழுதினார்கள். காவல் கூலி மறுத்த ஊரில் வைக்கோல் போர் எரிந்ததும் உண்டு என்பதால் அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. இருந்தாலும், இழந்த பொருளுக்கு ஈடு தரும் கடமையை அதற்குப் பின் வந்த எந்தக் காவல் அமைப்பும் ஏற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1801 சூலை 31ஆம் நாள் உடன்படிக்கையால் ஆற்காட்டு நவாப்பின் நாடு கம்பெனிக்கு வந்தது. தென்னார்க்காடும் அதில் அடக்கம். அதே ஆண்டு தெற்கே மருதிருவரின் எழுச்சி ஒடுக்கப்பட்டது. டிசம்பர் 1 அன்று தென் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதையே குற்றமாக்கும் அறிவிப்பு சென்னை அரசால் வெளியிடப்பட்டது. கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஈட்டியும் துப்பாக்கியும் கைப்பற்றப்பட்டன. 1816ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டம் காவலைக் கிராமத் தலைவரிடமும் தலையாரியிடமும் ஒப்படைத்தது. அதிகாரிகள் குடிகளை வதைப்பது பற்றி விசாரித்த சென்னைச் சித்திரவதை ஆணையத்தின் 1855ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பிறகு, 1859இல் 24ஆம் சட்டத்தின்படி சம்பளம் பெறும் சீருடைப் போலீஸ் வந்தது. இவ்வாறு அறுபது ஆண்டுகளுக்குள் ஊர்க்காவல் ஊரின் கையை விட்டுப் போயிற்று. ஊரில் மிஞ்சியவர் தலையாரி ஒருவர். அவர் கையில் இருந்தது தடி.

1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்த மாற்றத்தை முழுமையாக்கியது. துப்பாக்கி, துப்பாக்கிச் சனியன், வாள், குத்துவாள், ஈட்டி, ஈட்டி முனை, வில், அம்பு ஆகியவை ஆயுதம் என்று அச்சட்டம் பட்டியலிட்டது. உரிமம் இல்லாமல் இவற்றைத் தாங்கி வெளியே நடமாடக் கூடாது. ஐரோப்பியருக்கு விலக்கு இருந்தது. மண்ணின் மக்களுக்கு இல்லை. அந்த அவமானத்தைத் தேசிய இயக்கம் நெடுங்காலம் மறக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் கம்பு இல்லை. அரிவாளும் இல்லை. மாடு மேய்க்கவும் கதிர் அறுக்கவும் வேண்டிய பொருள்களைப் பறித்தால் நிலவரியே நின்றுவிடும். அன்றாட வேலைக் கருவியாக இருந்ததால்தான் கம்பு தப்பியது. சிலம்பம் அழியாமல் நின்றதற்கு வீரம் மட்டும் காரணம் என்று சொல்வதைவிட, சட்டத்தின் கண்ணுக்குக் கம்பு ஆயுதமாகத் தெரியவில்லை என்பதைச் சொல்வது பொருந்தும்.

கம்பு என்றால் எல்லாக் கம்பும் ஒன்றல்ல. உள்ளே பொந்தில்லாத கல்மூங்கில் வலுவானது. பிரம்பு வளைந்து கொடுக்கும். அடியை வாங்கும்போது மூங்கில் பிளக்கலாம். பிரம்பு பிளக்காது, ஆனால் நுனியில் நார் நாராகப் பிரியும். முற்றிய மூங்கிலைத்தான் வெட்ட வேண்டும். இளங்கழியில் மாவுச்சத்து மிகுதி. உளு விழுந்து உள்ளிருந்தே மாவாக்கிவிடும். தேய்பிறையில் வெட்டினால் உளு விழாது என்பது ஊர் நம்பிக்கை. வெட்டிய கழியை ஓடும் தண்ணீரில் ஊறப்போடுவதும் வழக்கம். மாவுச்சத்து கரைந்து போவதால் அது உண்மையிலேயே பயன் தரும். பின் நிழலில் உலர்த்தி, கோணல் உள்ள கணுவை அனலில் காட்டி நிமிர்த்தி, கணுக்களைச் சீவி, எண்ணெய் தடவி வைப்பார்கள். நுனி பிளக்காமல் இருக்க இரும்புப் பூண் போடுவது உண்டு. வழிநடைக்குப் பூண் போட்ட தடி நல்லது. பயிற்சிக்குப் பூண் கூடாது. எதிராளியின் மண்டை உடையும்.

உயரம் ஆளுக்கு ஆள் மாறும். தரையில் ஊன்றினால் நெற்றியைத் தொடும் கம்பு சிலம்பத்துக்கு ஏற்றது. அதைவிட நீண்டால் சுழற்றும்போது தரையில் தட்டும். குட்டையானால் எட்டம் குறையும். கம்பின் வலிமையே எட்டத்தில்தான் இருக்கிறது. கத்தி வைத்திருப்பவன் கையெட்டும் தூரத்துக்குள் வந்தால்தான் குத்த முடியும். கம்புக்காரனை அவன் நெருங்குவதற்குள் மணிக்கட்டிலோ முழங்காலிலோ ஓர் அடி விழுந்துவிடும். இரண்டாவது சிறப்பு அளவு. ஒரே கம்பால் தள்ளலாம், தட்டலாம், வாரிவிடலாம், எலும்பை முறிக்கலாம், உயிரையும் எடுக்கலாம். எவ்வளவு என்பதைக் கை முடிவு செய்கிறது. வெட்டரிவாளுக்கு அந்த அளவு கிடையாது. ஓங்கினால் வெட்டும், இல்லையென்றால் இல்லை.

சிலம்பக் கூடத்தில் சேர்ந்தவன் கையில் உடனே கம்பு கிடைக்காது. மண்ணைத் தொட்டு வணங்கி, ஆசானுக்கு வெற்றிலை பாக்கு வைத்து, முதலில் காலடி கற்க வேண்டும். எந்தக் காலை எங்கே வைப்பது, உடல் எடையை எப்போது மாற்றுவது, நான்கு பக்கமும் எப்படித் திரும்புவது என்பதிலேயே மாதங்கள் போகும். பிறகு ஒற்றைக் கையில் சுழற்சி, இரு கைப் பிடி, வீச்சு, தட்டு, வெட்டு, குத்து, வாரல், பூட்டு. அறுவடை முடிந்து களம் காலியாகும் தை, மாசி மாத இரவுகள்தான் பயிற்சிக் காலம். உழைத்த உடம்புக்குத் தனியாகத் தண்டால் தேவைப்படவில்லை. சில கூடங்களில் கர்லாக்கட்டையும் சுழற்றினார்கள். ஊர்த் திருவிழாவில் சாமி ஊர்வலத்துக்கு முன் ஆடும் அலங்காரச் சிலம்பம் பார்க்க அழகானது. ஆனால் வழிமறிப்பவனிடம் அது எடுபடாது. எதிராளி உண்மையாகவே அடிக்கும்போது தட்டி நிற்கும் பழக்கம் போர்ச் சிலம்பத்தில்தான் வரும். தேர்ந்த ஆசான்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. இன்றைய மேடைகளில் அந்த வேறுபாடு மங்கிவருவது வருத்தத்துக்குரியது.

கம்போடு வேறு கருவிகளும் கற்பிக்கப்பட்டன. இரண்டு மான் கொம்புகளை எதிரெதிராகக் கட்டிய மடுவு, தடுக்கவும் குத்தவும் ஒருசேர உதவும். நெருக்கமான இடத்தில் பயன்படும். சுருள்வாள் பல ஆண்டுப் பயிற்சி இல்லாதவரின் உடம்பையே கிழித்துவிடும். அது கலை, தற்காப்பல்ல. குட்டை ஈட்டி வகையான சுளுக்கி காட்டுப்பன்றி வேட்டைக்கும் சண்டைக்கும் பயன்பட்டது. தினைப்புனம், சோளக்கொல்லை காக்கக் கவண் இருந்தது. பரணில் நின்று கல்லெறிய அதைவிட மலிவான கருவி இல்லை. வெறுங்கைக்குக் குத்துவரிசை. இந்தக் கருவிகளுள் எதையும் சுமந்துகொண்டு கூத்துப் பார்க்கவோ சந்தைக்கோ போக முடியாது. கம்பு மட்டும் கிழவருக்கு ஊன்றுகோல், மேய்ப்பருக்கு மாட்டுத்தடி, வழிப்போக்கருக்குச் சுமை தாங்கி. கேள்வி கேட்க யாருக்கும் இடமில்லை.

கம்பு எடுக்கும் உரிமை எல்லோருக்கும் ஒன்றுபோல் இருந்துவிடவில்லை. சாதிக்கு ஒரு தெரு, தெருவுக்கு ஒரு கூடம் என்று பயிற்சி பிரிந்து கிடந்தது. ஒரு தெருவின் தற்காப்பு அடுத்த தெருவுக்கு அச்சுறுத்தலானது. பெண்களுக்குக் கூடத்தின் வாசலே திறக்கவில்லை. அரசு இந்தப் பிளவின் மீது தன் முத்திரையையும் குத்தியது. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. முழுச் சமூகங்கள் பிறப்பாலேயே திருடர் என்று பதிவு செய்யப்பட்டன. தென்னார்க்காட்டில் அஜீஸ் நகர்க் குடியிருப்பில் குடும்பம் குடும்பமாகக் கண்காணிப்பில் வைக்கப்பட்டனர். முன்பு காவல் கூலி வாங்கி ஊரைக் காத்தவர்களின் பிள்ளைகள், இரவில் போலீஸ் நிலையத்தில் கைநாட்டு வைத்துப் படுக்க வேண்டிய நிலை பல ஊர்களில் வந்தது. சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுதும் 1952இலும் அச்சட்டம் ஒழிந்தது. அது விட்டுச்சென்ற சந்தேகம் அவ்வளவு விரைவில் ஒழியவில்லை.

ஆயுதத்தைப் பறித்த அதே அரசு, எதிர்த்து அடிக்கும் உரிமையைச் சட்டமாக எழுதியும் வைத்தது. மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837இல் அளித்த வரைவின் குறிப்புகளில், இந்நாட்டு மக்கள் கொள்ளைக்காரர்களிடம் மிகவும் பொறுமையாகப் பணிந்துபோகிறார்கள், எதிர்த்து நிற்கும் துணிவைச் சட்டம் குலைக்கக் கூடாது என்ற கருத்து வெளிப்படுகிறது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் அதன் விளைவு. தன் உடலையும் பொருளையும் மட்டுமல்ல, அடுத்தவர் உடலையும் பொருளையும் காக்கவும் ஒருவர் பலத்தைப் பயன்படுத்தலாம். கொலை, கொடுங்காயம், பாலியல் வன்முறை, ஆள் கடத்தல் போன்ற தாக்குதல்களில் தாக்குபவரின் உயிர் போனாலும் குற்றமில்லை. 2013 திருத்தம் அமில வீச்சையும் அந்த வரிசையில் சேர்த்தது. 2024 சூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா இவற்றை 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் வைத்திருக்கிறது.

இந்த உரிமைக்கு இரண்டு கட்டுகள் உண்டு. அரசின் உதவியை நாட நேரம் இருந்தால் உரிமை பிறக்காது. தேவைக்கு மேல் காயம் விளைவித்தால் உரிமை போய்விடும். திருடன் ஓடத் தொடங்கிய பிறகு துரத்திப் பிடித்துக் கட்டிவைத்து அடிப்பது தற்காப்பல்ல. பிடித்துக் காவல் துறையிடம் ஒப்படைக்கலாம், அவ்வளவே. தாக்கப்படுபவர் தராசு பிடித்து நிறுத்து அடிக்க முடியாது என்பதை நீதிமன்றங்கள் ஏற்கின்றன. உச்ச நீதிமன்றம் 2010இல் தர்சன் சிங் வழக்கில் தற்காப்புரிமையின் நெறிகளைத் தொகுத்துச் சொன்னபோதும் இதை வலியுறுத்தியது. ஆனாலும் அளவு என்ற சொல் சட்டத்தின் நடுவே நிற்கிறது. சிலம்ப ஆசான் கையில் வைத்துப் பழக்கும் அளவும் இதுவே. அரிவாளோடு வந்தவரின் மணிக்கட்டைக் கம்பால் அடித்தவருக்கு நீதிமன்றத்தில் சொல்ல விளக்கம் இருக்கும். கம்போடு வந்தவரை அரிவாளால் வெட்டியவர் நெடுநேரம் விளக்க வேண்டியிருக்கும்.

கம்பும் எட்டாதவர்களுக்கு, போலீஸ் நிலையமும் எட்டாதவர்களுக்கு, இந்த வட்டாரத்தில் இன்னொரு வழி இருக்கிறது. விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது அது. திருட்டுப் போனது, கடன் திரும்பாதது, மிரட்டல் என்று தன் குறையைத் தாளில் எழுதி, கொளஞ்சியப்பராக நிற்கும் முருகனின் முன் வைத்து, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வருகிறார்கள். தொண்ணூறு நாளில் நியாயம் கிடைக்கும் என்று நம்புகிறார்கள்; கிடைத்தபின் பிராதைத் திரும்பப் பெறவும் முறை இருக்கிறது. தன் மேல் பிராது கட்டியிருப்பது தெரிந்தால் எதிராளிக்கு உறக்கம் கெடும். இதைத் தற்காப்பு வரலாற்றில் சேர்க்காமல் விடுவது, ஆயுதம் ஏந்த முடியாதவர்களின் வரலாற்றை விட்டுவிடுவதாகும்.

ஆயுதம் ஏந்தும் உரிமை அடிப்படை உரிமையாக வேண்டும் என்று 1931 கராச்சிக் காங்கிரஸ் தீர்மானம் கேட்டது. விடுதலைக்குப் பின், 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர் காமத் அதே கோரிக்கையைத் திருத்தமாகக் கொண்டுவந்தபோது சபை ஏற்கவில்லை. பிரிவினைக் கலவரங்களின் ரத்தம் காயாத நேரம் அது. மறுத்ததில் நியாயம் இருந்தது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்தது. ஐரோப்பியருக்கு இருந்த சலுகை போயிற்று. உரிமம் எல்லோருக்கும் பொதுவாயிற்று. ஆயுதம் என்ற சொல்லுக்கு விளக்கம் தரும் இடத்தில், வீட்டுக்கும் வேளாண்மைக்குமான பொருள்களை அச்சட்டம் விலக்குகிறது. எடுத்துக்காட்டாக லத்திக் கம்பையும் சாதாரணக் கைத்தடியையும் பெயர் சொல்லியே விலக்குகிறது. 1878இல் பட்டியலில் இல்லாததால் தப்பிய கம்பு, இப்போது எழுத்திலேயே விடுதலை பெற்றது. கத்தியில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ளவை, வீட்டு வேலை, வேளாண்மை போன்றவற்றுக்கானவை தவிர, விதிகளின் கீழ் வருகின்றன. ஒரே அரிவாள் வயலில் கருவி; பேருந்தில் இடுப்பில் செருகியிருந்தால் வழக்கு.

இதற்கிடையே சிலம்பம் காவலை விட்டு விளையாட்டானது. 1920களின் இறுதியில் விழுப்புரம் – திருச்சி இருப்புப்பாதை பெண்ணாடம் வழியாக ஓடத் தொடங்கியபின் வழிநடைப் பயணமே குறைந்தது. வழிநடை இல்லையென்றால் வழிப்பறிக்கு எதிரான தடியும் இல்லை. சிலம்பம் அறிந்த எம்.ஜி.ஆர். 1963இல் வந்த 'பெரிய இடத்துப் பெண்' போன்ற படங்களில் கம்பு சுழற்றியது இளைஞர்களை மீண்டும் கூடங்களுக்கு இழுத்தது. 1970களில் வந்த புரூஸ் லீ படங்களுக்குப் பின் சிறு நகரங்களிலும் கராத்தே வகுப்புகள் தோன்றின. ஆசான் இருந்த இடத்தில் மாஸ்டர் வந்தார். மலேயாத் தோட்டங்களுக்குப் போன தமிழர்கள் எடுத்துச்சென்ற சிலம்பம் மலேசியாவில் இன்றும் கழகங்களாக வாழ்கிறது. போட்டியில், எதிராளியின் உடலில் கம்பு நுனி பட்ட தடத்தை எண்ணிப் புள்ளி தருகிறார்கள். 2021இல் தமிழ்நாடு அரசு அரசுப் பணிகளுக்கான 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பத்தைச் சேர்ப்பதாக அறிவித்தது. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டியில் அது செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது.

இந்த மாற்றத்தின் பெரிய பயன் பெண்களுக்கு. நூற்றாண்டுகளாக மூடியிருந்த கூடத்தின் வாசல் சான்றிதழும் பதக்கமும் வந்ததால் திறந்தது. அரசுப் பள்ளி மாணவிகளுக்கு ராணி லட்சுமிபாய் தற்காப்புப் பயிற்சி என்ற பெயரில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் மூன்று மாதப் பயிற்சி தரப்படுகிறது. மூன்று மாதம் போதாது. காலடி படியவே அதைவிட நாளாகும் என்பது எந்த ஆசானுக்கும் தெரியும். ஆனால் உரக்கக் கத்துவது, பிடித்த கையைக் கட்டைவிரல் பக்கமாகத் திருகி விடுவிப்பது, விடுபட்ட உடனே ஓடுவது ஆகிய மூன்றையும் அந்தக் காலத்துக்குள் பழக்கிவிடலாம். பேருந்தில் உரசுபவனை முதல்முறை சத்தம் போட்டு நிறுத்திய பெண்ணுக்கு அது பெரிய மாற்றம். மிளகுத் தெளிப்பானுக்கு உரிமம் தேவையில்லை; கைப்பையின் அடியில் கிடந்தால் பயனில்லை, எதிர்க்காற்றில் அடித்தால் தன் கண்ணுக்கே வரும். 112 என்ற அவசர எண்ணை அழைக்கலாம். அதிலும் யாராவது வந்து சேரும்வரை தாக்குப்பிடிக்க வேண்டியது உடம்புதான்.

பெண்ணாடத்தைச் சுற்றிக் கரும்பும் நெல்லும் விளைகின்றன. மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் இரவில் வரும் நாட்களில் வயலுக்குப் போகிறவர் கையில் டார்ச் விளக்கும் ஒரு கம்பும் இருக்கும். வரப்பில் நடக்கும்போது முதலில் கம்பால் தரையைத் தட்டி, அதிர்வு போய்ச் சேர்ந்து பாம்பு விலக நேரம் கொடுத்து, பிறகே அடி எடுத்து வைப்பார்கள். தோகைக்குள் காட்டுப்பன்றி உறுமினால் நின்று, விளக்கை அதன் கண்ணில் அடித்து, வழிவிட்டு ஒதுங்குவார்கள். மோட்டார்க் கொட்டகைக்குப் போய்ச் சுவிட்சைப் போட்டதும் கம்பைக் கதவோரம் சாத்தி வைப்பார்கள்.